பன்னெண்டுல ஒண்ணு: ஆம்பூர் ஷூ பெட்டியும் பாலாற்றுக் கிணறும்

(எபிசோடின் திருத்தப்பட்ட எழுத்து வடிவம். பேச்சு நடை பெரும்பாலும் அப்படியே விடப்பட்டிருக்கிறது.)

போன பொங்கலுக்கு ஆம்பூர்ல பெரியம்மா வீட்டுக்குப் போயிருந்தேன். பெரியம்மா பொண்ணு, எனக்கு அக்கா, அங்க ஒரு ஷூ கம்பெனியில ஃபைனல் இன்ஸ்பெக்‌ஷன்ல இருக்காங்க. கம்பெனி பேர் வேண்டாம். ராத்திரி சாப்பிட்டுட்டு மொட்டை மாடியில பேசிட்டு இருந்தோம். நான் ஆபீஸ்ல டேட்டா பைப்லைன் வேலை பார்க்கிறவன், அதனால சும்மா கேட்டேன்: "அக்கா, ஆயிரக்கணக்குல ஜோடி வருதே, எல்லாத்தையுமா பாப்பீங்க?"

"எல்லாத்தையும் எப்படிடா பாக்க முடியும்? முன்னாடி ஒரு சூப்பர்வைசர் இருந்தார். பன்னெண்டுல ஒண்ணு எடுன்னு சொல்லிட்டுப் போயிட்டார். நாங்களும் எடுத்தோம். ஒரு வாரமா கையில வந்ததெல்லாம் எட்டாம் நம்பர் ஷூதான்."

"எல்லாமே எட்டா?"

"ஆமா. ஒரு பெட்டியில பன்னெண்டு ஜோடிடா. சைஸ் வரிசையா அடுக்கியிருப்போம். பன்னெண்டு பன்னெண்டா தாவுனா எங்க போய் நிப்ப?"

எனக்குச் சிரிப்பு வந்தது. அடுத்த நிமிஷமே சிரிப்பு நின்னுடுச்சு, ஏன்னா ரெண்டு வருஷம் முன்னாடி இதே தப்பை நானும் பண்ணியிருக்கேன். அதை அப்புறம் சொல்றேன்.

அக்கா சொன்ன இந்த "பன்னெண்டுல ஒண்ணு"க்கு பிசினஸ் ரிசர்ச் புத்தகங்கள்ல சிஸ்டமேட்டிக் சாம்ப்ளிங்னு பேர். தமிழ்ல முறைசார் கூறெடுப்புன்னு சொல்லலாம். எம்.பி.ஏ. படிச்சவங்க இதோட நன்மை தீமைகளை நாலு நாலு பாயின்ட்டா மனப்பாடம் பண்ணி எழுதியிருப்பாங்க. இன்னிக்கு நான் பேசப்போறது அந்தப் பாயின்ட்டுகளுக்குப் பின்னாடி இருக்கிற நூறு வருஷ வரலாறு. அது இங்கிலாந்துல ஒரு பிஸ்கட் ஊர்ல தொடங்கி, வேலூர், ஆம்பூர், வாணியம்பாடி பக்கம் வந்து ஒரு கிணத்தடியில நிக்கும்.

முதல்ல, இது என்ன?

"ஒரு பானை சோத்துக்கு ஒரு சோறு பதம்"னு நம்ம பாட்டிமார் சொல்லுவாங்க. கூறெடுப்போட மொத்தத் தத்துவமும் அதுதான். ஆனா அது வெறும் சோத்துக்கு. ஆம்பூர்ல ஒரு பிரியாணி அண்டாவுல மேலாக ஒரு கரண்டி எடுத்துப் பார்த்துட்டு, அடியில எத்தனை கறித்துண்டு இருக்குன்னு சொல்ல முடியுமா? எந்த இடத்துல இருந்து எடுக்கிறோம்ங்கிறதுதான் கேள்வியே.

சிஸ்டமேட்டிக் சாம்ப்ளிங் அதுக்குச் சொல்ற பதில் ரொம்ப எளிமை. ஒரு தொழிற்சாலையில 1,200 பேர் வேலை செய்றாங்கன்னு வச்சுக்குவோம். 100 பேரைப் பேட்டி எடுக்கணும். 1,200-ஐ 100-ஆல் வகுத்தா 12. மஸ்டர் ரோலை எடுத்துக்கோங்க. 1-ல இருந்து 12-க்குள்ள ஒரு எண்ணைக் குலுக்கிப் போடுங்க. 7 வந்தா, ஏழாவது ஆள், அப்புறம் 19, 31, 43, இப்படியே போய் 100 பேர். முடிஞ்சது.

குலுக்கல் ஒரே ஒரு தடவைதான். மீதி எல்லாம் தாவல். இதோட பலமும் அதுதான், பலவீனமும் அதுதான்.

பிஸ்கட் ஊர்ல இருபதுல ஒரு வீடு

1912. இங்கிலாந்துல ரெடிங்னு ஒரு ஊர். பிஸ்கட் தொழிற்சாலைக்குப் பேர் போனது. நம்ம ஆம்பூரைச் சொன்னா ஷூ ஞாபகம் வர்ற மாதிரி. அங்க ஆர்தர் பவுலின்னு ஒரு புள்ளியியலாளர், உழைக்கிற மக்கள் எவ்வளவு வறுமையில இருக்காங்கன்னு கண்டுபிடிக்கணும்னு நினைக்கிறார்.

அதுக்கு முன்னாடி வறுமை ஆய்வுன்னா வீடு வீடா எல்லா வீட்டுக்கும் போறதுதான். அதுக்குப் பணமும் ஆளும் வேணும். பவுலிகிட்ட அது இல்ல. உள்ளூர் முகவரிப் புத்தகத்தை எடுத்தார். தெருப் பெயர்கள் அகரவரிசையில இருந்தது. பத்துல ஒரு கட்டடத்தைக் குறிச்சுக்கிட்டே போனார். கடை, தொழிற்சாலை, வசதியானவங்க வீடு எல்லாத்தையும் கழிச்சார். மிச்சம் இருந்ததுல இருபதுல ஒரு வீடுன்னு ஆக்கிக்கிட்டார். ஒரு கறாரான விதியும் வச்சார்: குறிச்ச வீட்டுக்கே போகணும், கதவு திறக்கலைன்னு பக்கத்து வீட்டை மாத்தி எடுக்கக் கூடாது. ஏன்னா பகல்ல கதவு திறக்கிற வீடும் திறக்காத வீடும் ஒரே மாதிரி வீடு இல்ல. ரெண்டு பேரும் வேலைக்குப் போற வீடுதான் பூட்டிக் கிடக்கும்.

ரெடிங்கோட சேர்த்து நாலு ஊர் ஆய்வும் 1915-ல புத்தகமா வந்தது. ஏழைங்க ஏழையா இருக்கிறதுக்குச் சோம்பேறித்தனம் காரணம், குடி காரணம்னு அந்தக் காலத்துல பேசிக்கிட்டு இருந்தாங்க. பவுலியோட கணக்கு வேற ஒண்ணைக் காட்டுச்சு. வறுமைக்குப் பெரிய காரணம் குறைவான கூலி. முழுநேரம் வேலை செஞ்சும் குடும்பத்தை ஓட்டப் போதாத கூலி. இருபதுல ஒரு வீட்டைப் பார்த்தே இதைச் சொல்ல முடிஞ்சது.

இதே பவுலி 1933 கடைசியில இந்தியாவுக்கு வர்றார். டி. எச். ராபர்ட்சன்ங்கிற பொருளியலாளரும் கூட வர்றார். இந்தியாவுக்கு ஒரு பொருளாதாரக் கணக்கெடுப்பு எப்படி நடத்தலாம்னு ரெண்டு பேரும் 1934-ல அரசாங்கத்துக்கு ஒரு திட்டம் எழுதிக் கொடுத்தாங்க. அது அப்படியே நடக்கல. ஆனா அதுக்கு அப்புறம் கல்கத்தாவுல மஹலனோபிஸ் 1931-ல தொடங்கின இந்தியப் புள்ளியியல் நிறுவனம் வங்காளத்துச் சணல் வயல்கள்ல கூறெடுப்பு வேலையைப் பெரிய அளவுல பண்ணுச்சு. 1950-ல தேசிய மாதிரிக் கணக்கெடுப்பு, அதாவது என்.எஸ்.எஸ்., தொடங்குது. இன்னிக்கு வேலையின்மை, குடும்பச் செலவுன்னு செய்தியில வர்ற எண்கள்ல பல அந்தப் பரம்பரையில வந்ததுதான்.

டி. பி. லாஹிரி போட்ட வட்டம்

என்.எஸ்.எஸ்.ல ஒரு நடைமுறைச் சிக்கல் வந்தது. எண்கள் எப்பவும் 1,200, 100 மாதிரி அழகா வகுபடாது. தொழிற்சாலையில 1,250 பேர் இருந்தா? வகுத்தா 12.5. பன்னெண்டா தாவுனா 104 அல்லது 105 பேர் வருவாங்க. பதிமூணா தாவுனா 96 அல்லது 97. நமக்கு வேண்டியது சரியா 100.

இந்தியப் புள்ளியியல் நிறுவனத்துல இருந்த டி. பி. லாஹிரி இதுக்கு ஒரு வழி சொன்னார். பட்டியலை நேர்கோடா பார்க்காதீங்க, வட்டமா பாருங்க. 1-ல இருந்து 1,250 வரைக்கும் எந்த எண்ணை வேணும்னாலும் தொடக்கமா குலுக்குங்க. அங்கிருந்து பன்னெண்டு பன்னெண்டா தாவுங்க. பட்டியல் முடிஞ்சா மறுபடி தலைப்புக்கு வாங்க. 100 பேர் வந்ததும் நிறுத்துங்க. எல்லாருக்கும் சரியா 1,250-ல 100 வாய்ப்பு. ஒருத்தருக்குக் கூட, ஒருத்தருக்குக் குறைச்சல் இல்ல.

நம்ம ஆளுங்க இதை மாடுலோ ஆபரேஷன்னு சொல்லுவோம். கம்ப்யூட்டர் இல்லாத காலத்துல, பேப்பரும் பென்சிலும் வச்சிருக்கிற களப் பணியாளர் தப்பில்லாம செய்யணும்னு யோசிச்சு உருவாக்கினது.

இதுல என்ன நல்லது?

முதல் நன்மை இப்ப புரிஞ்சிருக்கும். எளிமை. களத்துல இருக்கிறவருக்கு ரேண்டம் எண் அட்டவணை வேண்டாம். எண்ணத் தெரிஞ்சா போதும். யாரும் குறுக்கே கை வச்சா சரிபார்க்கிறதும் சுலபம். 19, 31-க்கு அடுத்து 44 இருந்தா எங்கேயோ ஆளை மாத்தியிருக்காங்கன்னு உடனே தெரிஞ்சுடும்.

ரெண்டாவது, பட்டியலே கையில இல்லைன்னாலும் செய்யலாம். சாயந்திரம் ஷிஃப்ட் முடிஞ்சு கம்பெனி கேட்டுல இருந்து வெளிய வர்ற கூட்டத்துல இருபதாவது ஆளை நிறுத்திப் பேசலாம். எத்தனை பேர் வருவாங்கன்னு முன்கூட்டியே துல்லியமா தெரியணும்னு இல்ல.

மூணாவதுதான் பலரும் கவனிக்காதது. பட்டியல் ஒழுங்கா அடுக்கியிருந்தா இந்த முறை சாதாரணக் குலுக்கலை விட நல்லா வேலை செய்யும். ஷூ தொழிற்சாலையில கட்டிங், தையல், லாஸ்டிங், ஃபினிஷிங், பேக்கிங்னு பிரிவுகள் இருக்கும். உதாரணத்துக்கு 1,200 பேர்ல கட்டிங் 120, தையல் 600, லாஸ்டிங் 300, ஃபினிஷிங் 120, பேக்கிங் 60-ன்னு வச்சுக்குவோம். மஸ்டர் ரோல் பிரிவுவாரியா இருந்தா பன்னெண்டுல ஒண்ணு எடுக்கும்போது 10, 50, 25, 10, 5-ன்னு தானா விகிதப்படி வந்துடும். வெறும் குலுக்கல்ல பேக்கிங்ல இருந்து ஒருத்தர் மட்டும் வர வாய்ப்பு இருக்கு. இங்க அது நடக்காது. எல்லா மூலைக்கும் கை போய்ச் சேரும். பிரியாணி அண்டாவுல மேல, நடுவுல, அடியிலன்னு கரண்டி விடுற மாதிரி.

எங்க கவிழும்?

இப்ப அக்காவோட எட்டாம் நம்பருக்கு வருவோம்.

ஒரு பெட்டியில பன்னெண்டு ஜோடி. ஆறு ஒண்ணு, ஏழு ரெண்டு, எட்டு மூணு, ஒன்பது மூணு, பத்து ரெண்டு, பதினொண்ணு ஒண்ணு. வரிசையா அடுக்கினா அஞ்சாவது இடத்துல எட்டாம் நம்பர். 200 பெட்டி, 2,400 ஜோடி. தொடக்கம் 5, தாவல் 12. கையில வர்ற 200 ஜோடியும் எட்டாம் நம்பர்.

இப்ப பதினொண்ணாம் நம்பர் லாஸ்டுல ஏதோ கோளாறுன்னு வச்சுக்குவோம். லாஸ்ட்னா ஷூவை இழுத்து உருவம் கொடுக்கிற கால் அச்சு. அந்த சைஸ் 200 ஜோடியும் கெட்டுப் போச்சு. 2,400-ல 200, அதாவது 8.3 சதவீதம். உங்க ஆய்வு என்ன சொல்லும்? தொடக்க எண் 1-ல இருந்து 11 வரை எது வந்தாலும் "குறையே இல்லை". 12 வந்தா மட்டும் "மொத்தமும் குறை". நடுவுல எதுவுமே இல்ல.

வேடிக்கை என்னன்னா, பன்னெண்டு சாத்தியங்களோட சராசரியை எடுத்தா சரியா 8.3 சதவீதம் வரும். பாடப்புத்தகக் கணக்குப்படி இந்த மதிப்பீட்டுல சாய்வு கிடையாது. ஆனா உங்களுக்குக் கிடைக்கிறது பன்னெண்டுல ஒண்ணே ஒண்ணுதான். அது பூஜ்யமா இருந்தா சரக்கு கப்பல் ஏறிடும். அங்க போய்த் திரும்பினா அடி யாருக்கு விழும்னு அக்காவைக் கேளுங்க. லைன்ல இருக்கிறவங்களுக்கு ஓவர்டைம் கட்.

இதுக்குப் பேர் சுழற்சிச் சிக்கல். பட்டியல்ல ஒரு தாளம் இருந்து, உங்க தாவலும் அதே தாளத்துல இருந்தா கண்ணு ஒரே இடத்துல மாட்டிக்கும். தீர்வு அக்காவே கண்டுபிடிச்சிருந்தாங்க: "பதிமூணுல ஒண்ணுன்னு மாத்திட்டோம்." பன்னெண்டுக்கும் பதிமூணுக்கும் பொதுக் காரணி இல்ல. ஒவ்வொரு தாவலுக்கும் இடம் ஒண்ணு நகரும். 2,400-ல சுமார் 184 ஜோடி கிடைக்கும், அதுல பதினஞ்சு பதினாறு பதினொண்ணாம் நம்பரா இருக்கும். யாரும் சொல்லித்தராம அவங்க எண் கோட்பாடு பண்ணியிருக்காங்க.

வெளிநாட்டு பையர் சார்பா வர்ற இன்ஸ்பெக்டர்கள் ஏ.க்யூ.எல். அட்டவணையை வச்சு வேலை செய்வாங்க. வழக்கமான ஆய்வு நிலையில 1,201-ல இருந்து 3,200 வரைக்கும் உள்ள லாட்டுக்கு 125 ஜோடி எடுக்கணும். 2.5 மட்டத்துல ஏழு குறை வரைக்கும் பாஸ், எட்டு வந்தா ஃபெயில். ஆனா இந்த எண்கள் எல்லாமே அந்த 125-ம் குலுக்கி எடுத்ததா இருந்தாத்தான் அர்த்தம் உள்ளது. வாசல் பக்கம் அடுக்கி வச்ச பெட்டியில இருந்தே எடுத்தா அட்டவணை ஒண்ணும் செய்யாது.

சரி, என் கதை. ஒரு சர்வர் அடிக்கடி மந்தமாகுதுன்னு புகார். நான் ஒவ்வொரு நிமிஷமும் சரியா பூஜ்யமாவது செகண்ட்ல சி.பி.யூ.வை அளக்கிற மாதிரி ஸ்கிரிப்ட் எழுதி வச்சிருந்தேன். வரைபடம் அமைதியா இருந்தது. "எங்க பக்கம் பிரச்சனை இல்ல"ன்னு மூணு நாள் வாதாடினேன். கடைசியில பார்த்தா ஒவ்வொரு நிமிஷமும் முப்பதாவது செகண்ட்ல ஒரு ஜாப் ஓடி, பத்து செகண்ட் எல்லாத்தையும் விழுங்கிட்டு அடங்கிடுது. நான் பார்க்கும்போதெல்லாம் அது தூங்கிட்டு இருந்தது. அளக்கிற நேரத்தைக் கொஞ்சம் முன்ன பின்ன குலுக்கிவிட்டதும் பூனை வெளிய வந்துடுச்சு. அந்த டீம்கிட்ட மன்னிப்பு கேட்டேன்.

பெரிய ஆளுங்களுக்கும் இந்தப் பயம் இருந்திருக்கு. 1940 அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கெடுப்புல முதல் முறையா சில கேள்விகளை எல்லார்கிட்டயும் கேட்காம 5 சதவீதம் பேர்கிட்ட மட்டும் கேட்டாங்க. படிவத்துல ஒரு பக்கத்துக்கு 40 வரி, அதுல ரெண்டு வரியில யார் பேர் விழுதோ அவங்களுக்குக் கூடுதல் கேள்வி. ஆனா கணக்கெடுப்பாளர் தாளைத் தொடங்கும்போது பெரும்பாலும் குடும்பத் தலைவரோட பேர்தான் முதல்ல வரும். வீடுகளையும் தெரு முனையில இருந்து தொடங்குவாங்க. எல்லாப் படிவத்துலயும் ஒரே வரியைக் குறிச்சா ஒரே வகை ஆளுங்க அதிகமா மாட்டுவாங்க. அதனால வரி எண்களை மாத்தி மாத்தி அஞ்சு விதமான படிவம் அச்சடிச்சாங்க. அக்காவோட பதிமூணும் அந்த அஞ்சு படிவமும் ஒரே யோசனையோட ரெண்டு வடிவம்.

ரெண்டாவது தீமை கொஞ்சம் நுட்பமானது. ஒரு மதிப்பீட்டைச் சொன்னா அதுல எவ்வளவு பிழை இருக்கலாம்னும் சொல்லணும். இங்க நாம குலுக்கினது ஒரே ஒரு தடவை. பன்னெண்டு சாத்தியத்துல ஒண்ணைத்தான் பார்த்திருக்கோம். மத்த பதினொண்ணும் இதுல இருந்து எவ்வளவு விலகியிருக்கும்னு இந்த ஒண்ணை வச்சு நேர்மையா சொல்ல முடியாது. அமெரிக்காவுல மேடோ தம்பதி 1944-ல இந்த முறைக்குக் கணிதக் கோட்பாடு எழுதும்போது இதையெல்லாம் அலசினாங்க. நடைமுறை வழி, மஹலனோபிஸ் வங்காளத்துல செஞ்சதுதான்: ஒரு பெரிய மாதிரிக்குப் பதிலா ஒண்ணோட ஒண்ணு பின்னிக் கிடக்கிற பல சின்ன மாதிரி. நம்ம 1,200 பேர்ல பன்னெண்டு தாவலுக்குப் பதிலா 48 தாவல், நாலு தனித்தனித் தொடக்கம், ஒவ்வொண்ணுலயும் 25 பேர். நாலு விடையும் கிட்டக்கிட்ட இருந்தா நம்பலாம். நாலும் நாலு திசையில போனா, எங்கேயோ இடிக்குதுன்னு அர்த்தம்.

மூணாவது தீமைக்குப் புத்தகத்துல ஒரு வரிதான் இருக்கும்: பட்டியல் முழுமையா இருக்கணும். ஆம்பூர் தெருவுல நடந்தா அந்த ஒரு வரி எவ்வளவு பெருசுன்னு தெரியும். இங்க ஷூவோட மேல்பாகத்தைக் கையால தைக்கிற வேலை நிறைய வீட்டு வாசல்ல நடக்குது. பெண்கள் ஜோடிக்கு இவ்வளவுன்னு கூலிக்குத் தைப்பாங்க. ஏஜென்ட் கொண்டு வந்து கொடுப்பார், தைச்சதை வாங்கிட்டுப் போவார். இவங்க பேர் எந்த மஸ்டர் ரோல்லயும் இருக்காது. "ஷூ தொழிலாளர்களோட சராசரி வருமானம்"னு ஒரு ஆய்வு மஸ்டர் ரோல்ல எவ்வளவு ஒழுங்கா தாவினாலும் இவங்க மேல கால் படாது. தாவல் சரியா இருந்தும் விடை தப்பா வரும்.

ஒரு ஆத்துக்கு எத்தனை மணிக்குப் போறது?

இதுவரைக்கும் ஆளையும் பெட்டியையும் எண்ணினோம். நேரத்தையும் இதே மாதிரி கூறெடுக்கலாம். இந்த ஊர்களோட கதை அங்கதான் கசக்க ஆரம்பிக்குது.

ஆம்பூர், வாணியம்பாடி, பேர்ணாம்பட்டு, மேல்விஷாரம், ராணிப்பேட்டை. இது எல்லாமே ஒரு காலத்துல வட ஆர்க்காடு. 2019-ல வேலூர் மாவட்டம் மூணாப் பிரிஞ்ச பிறகு வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர்னு மூணு மாவட்டத்துல சிதறிக் கிடக்கு. நடுவுல பாலாறு. முன்னாடி இங்க ஆவாரம் பட்டையில தோல் பதனிட்டாங்க. குரோம் முறை பரவி, தொழில் பெருத்ததும் கழிவும் பெருத்தது.

தோல் பதனிடுறது ஒரே வேலை இல்ல. ஊற வைக்கிறது, சுண்ணாம்பு போட்டு முடி நீக்குறது, அமிலமும் உப்பும் போட்டு பிக்கிள் பண்றது, அப்புறம் குரோம். ஒவ்வொரு கட்டத்துக் கழிவும் வேற. சுண்ணாம்புத் தண்ணி கடுமையான காரம். பிக்கிள் தண்ணி கடுமையான அமிலம். அப்ப நான் தினமும் காலையில பத்து மணிக்கு வாய்க்கால்ல ஒரு பாட்டில் தண்ணி எடுத்தா என்ன ஆகும்? தொழிற்சாலைக்கு ஒரு தாளம் இருக்கு. எனக்கும் அதே தாளம். தினமும் ஒரே கட்டத்துத் தண்ணியைத்தான் பார்ப்பேன். யாராவது ராத்திரியில திறந்துவிட்டா என் பாட்டிலுக்குத் தெரியவே தெரியாது. பன்னெண்டு ஜோடிப் பெட்டியோட அதே கதை, இங்க பெட்டிக்குப் பதிலா ஒரு நாள். பல மணி நேரத்துத் தண்ணியைச் சேர்த்து ஒரே மாதிரியா சோதிக்கிறதும், 2014-ல மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் தோல் பதனிடும் ஆலைகள் உட்பட 17 வகைத் தொழில்களுக்குத் தொடர் ஆன்லைன் கண்காணிப்பு கேட்டதும் இந்தத் தாளத்தை உடைக்கத்தான்.

இனி கிணறு. நான் பிறக்கிறதுக்கு முன்னாடி நடந்தது, அம்மா சொல்லித் தெரியும். எங்க தாத்தாவுக்கு ஆம்பூருக்கும் வாணியம்பாடிக்கும் நடுவுல பாலாத்தங்கரை ஓரம் ஒன்றரை ஏக்கர், ஒரு கிணறு, பதினெட்டு தென்னை. தொண்ணூறுகளோட தொடக்கத்துல தண்ணியை வாயில வச்சா உப்பு. தென்னை ஓலை மஞ்சளாப் போச்சு. அப்ப ஏதோ ஒரு காலேஜ்ல இருந்து பசங்க பாட்டிலோட வந்தாங்களாம். அஞ்சுல ஒரு கிணத்துல தண்ணி எடுத்தாங்க. பக்கத்து நிலத்துக் கிணறு அஞ்சாவது. தாத்தாவோடது ஒண்ணாவது.

தாத்தா வரப்புல நின்னு கேட்டாராம்: "ஏம்பா, என் கிணத்தைப் பாக்கலியா?"

"இல்ல ஐயா, அஞ்சுல ஒண்ணுதான். அதை வச்சே மொத்தத்தையும் சொல்லிடலாம்."

"மொத்தத்தைச் சொல்லிடுவ. என்னோடத யாரு சொல்லுவா?"

இந்தக் கேள்வியை நான் ரொம்ப நாளா ஒரு கிராமத்துப் பெரியவரோட வெகுளித்தனம்னு நினைச்சுட்டு இருந்தேன். இந்த எபிசோடுக்காகப் படிக்கும்போதுதான் அவர் கேட்டதோட கனம் புரிஞ்சது. அந்தப் பசங்க சொன்னதும் பொய் இல்ல. அஞ்சுல ஒரு கிணத்தை வச்சு எத்தனை சதவீதம் கெட்டுப் போச்சுன்னு சொல்ல முடியும். ஆனா எந்தக் கிணறுன்னு சொல்ல முடியாது. சிஸ்டமேட்டிக்னு இல்ல, எந்தக் கூறெடுப்பாலயும் முடியாது.

1991-ல வேலூர் குடிமக்கள் நல மன்றம் உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. 1996 ஆகஸ்ட் 28 அன்னிக்கு நீதிபதி குல்தீப் சிங் தலைமையிலான அமர்வு தீர்ப்பு சொன்னது. மாசுபடுத்தினவரே அதற்கான விலையைக் கொடுக்கணும், முன்னெச்சரிக்கையா நடக்கணும்ங்கிற ரெண்டு கொள்கையும் இந்தியச் சட்டத்தோட பகுதின்னு சொன்ன தீர்ப்பு அது. சட்டக் கல்லூரியில இன்னிக்கும் வேலூர் வழக்குன்னுதான் படிக்கிறாங்க. அந்தத் தீர்ப்பு ரெண்டு வகை எண்ணைப் பயன்படுத்துது. ஒண்ணு, தமிழ்நாடு வேளாண் பல்கலைக்கழகத்தோட வேலூர் ஆராய்ச்சி மையம் சொன்ன மதிப்பீடு: தோல் பதனிடும் பகுதியில ஏறக்குறைய 35,000 ஹெக்டேர் நிலம் பகுதியாகவோ முழுசாகவோ சாகுபடிக்குத் தகுதி இழந்துடுச்சு. இன்னொண்ணு, திண்டுக்கல் பக்கம் 13 கிராமத்துல ஒரு தொண்டு நிறுவனம் எடுத்த கணக்கு: மொத்தம் 467 கிணறு, அதுல 350 கெட்டுப் போச்சு. நாலுல மூணு.

இந்த ரெண்டாவது எண்ணோட பலத்தைப் பாருங்க. 467-ங்கிறது அந்தக் கிராமங்கள்ல இருந்த மொத்தக் கிணறு. "எந்தக் கிணத்தைத் தேர்ந்தெடுத்தீங்க, எப்படித் தேர்ந்தெடுத்தீங்க"ங்கிற கேள்விக்கே அங்க இடம் இல்ல.

அடுத்தது நஷ்டஈடு. அதுக்கு ஒரு ஆணையம் அமைக்கச் சொன்ன நீதிமன்றம், பட்டியல் எப்படி இருக்கணும்னும் சொன்னது: வசூலிக்க வேண்டிய மொத்தத் தொகை, எந்த ஆலையிடம் எவ்வளவு, யாருக்கு எவ்வளவுன்னு பேர் பேரா. அதே 1996 செப்டம்பர்ல நீதிபதி பாஸ்கரன் தலைமையில ஆணையம் வந்தது. 2001-ல வந்த அதோட முடிவுல பாதிக்கப்பட்டவங்க எண்ணிக்கை 29,193. தொகை சுமார் 26.82 கோடி ரூபாய். வகுத்துப் பாருங்க, சராசரி 9,200 ரூபாய்க்குக் கொஞ்சம் கீழ. ஒரு கிணத்துக்கு அது எந்த மூலைக்கு? ஆனா அது 29,193 பேரோட பட்டியல். 35,000 ஹெக்டேர்ங்கிற மதிப்பீட்டால பிரச்சனையோட அளவைக் காட்ட முடிஞ்சது. காசு கொடுக்கும்போது ஒவ்வொரு கதவையும் தட்டித்தான் ஆகணும்.

கதை இன்னும் முடியல. 2025 ஜனவரி 30 அன்னிக்கு உச்ச நீதிமன்றம், நீதிபதிகள் பர்திவாலா, மகாதேவன் அமர்வு, பாலாற்று மாசு பத்தி மறுபடி ஒரு தீர்ப்பு சொல்லி, விடுபட்ட நஷ்டஈட்டைக் கொடுக்கவும் ஆலைகளைத் தணிக்கை செய்யக் குழு அமைக்கவும் உத்தரவிட்டிருக்கு. 1991-ல தொடங்கின வழக்கோட தொடர்ச்சி. கிட்டத்தட்ட என்னைவிட மூத்தது.

அப்ப எப்ப எடுக்கலாம், எப்ப கூடாது?

உங்க கம்பெனியில கஸ்டமர் சர்வே, குவாலிட்டி செக், லாக் சாம்ப்ளிங்னு "பத்துல ஒண்ணு எடுத்துக்கலாம்"னு யாராவது சொன்னா நாலு கேள்வி கேளுங்க.

பட்டியல் எந்த வரிசையில இருக்கு? அந்த வரிசையில ஏழு, பன்னெண்டு, இருபத்துநாலுன்னு ஏதாவது தாளம் திரும்பத் திரும்ப வருதா? தொடக்க எண்ணை உண்மையிலேயே குலுக்கினோமா, இல்ல வழக்கமா ஒண்ணுல இருந்தே தொடங்குறோமா? பட்டியல்ல பேர் இல்லாதவங்க யார்?

நாலுக்கும் நல்ல பதில் இருந்தா தைரியமா தாவுங்க. பவுலியோட இருபதுல ஒரு வீடு குறைஞ்ச செலவுல ஒரு பெரிய பொய்யை உடைச்ச மாதிரி உங்களோடதும் உடைக்கலாம்.

அஞ்சாவதா ஒரு கேள்வி இருக்கு, அது தாத்தாவோடது. நாம தெரிஞ்சுக்க நினைக்கிறது மொத்தத்தையா, இல்ல ஒவ்வொருத்தரையுமா? வேலையை விட்டு எடுக்கிறது, கடன் மறுக்கிறது, நஷ்டஈடு கொடுக்கிறது, இதெல்லாம் ரெண்டாவது வகை. அங்க சாம்பிள் எடுத்து முடிவு பண்ணக் கூடாது.

தாத்தாவுக்குப் பின்னாடி கொஞ்சம் பணம் வந்தது. எவ்வளவுன்னு அம்மாவுக்கு ஞாபகம் இல்ல. பணம் எப்பவோ செலவாயிடுச்சு. ஆனா அவர் பேர் இருந்த காகிதத்தை மட்டும் பத்திரத்தோட சேர்த்து தகரப் பெட்டியில வச்சிருந்தாராம். கிணறு இன்னும் இருக்கு. பொங்கல் அன்னிக்குப் போய்ப் பார்த்தேன். தண்ணி இருக்கு, யாரும் இறைக்கிறதில்ல.

அக்காகிட்ட இந்த எபிசோடைப் பத்திச் சொன்னேன். "என் பேர் சொல்லாத, பதிமூணைச் சொல்லு"ன்னாங்க. சொல்லிட்டேன்.

உங்க வேலையில இந்த மாதிரி ஒரு தாளத்துல மாட்டின கதை இருந்தா எழுதி அனுப்புங்க. அடுத்த எபிசோடுல பார்க்கலாம்.